பிணி தீர்ப்போர் சோர்ந்து விடாமலிருக்க...

அண்ணாகிராமம் வட்டாரத்தில் காய்ச்சல் என்றால் முதலில் போவது பக்கத்துக் கிளினிக்குக்குத்தான். முடியாத நிலையில்தான் கடலூர் அரசு தலைமை மருத்துவமனையோ, சிதம்பரம் மருத்துவக் கல்லூரியோ. அந்தச் சிறு கிளினிக்கில் டாக்டரைத் தவிர இருப்பவர்கள் ஒரு நர்ஸ், டோக்கன் கொடுப்பவர், மருந்து எடுத்துத் தருபவர் என இரண்டு மூன்று பேர்தான். நம் வீட்டுப் பிள்ளைகளும் இந்த வேலைகளில் இருக்கிறார்கள்.

இவர்களைப் பிடிக்கும் பணிச்சோர்வு, ஒரு நாள் தூங்கினால் தீரும் களைப்பு அல்ல. நியூயார்க்கில் இலவச மருத்துவமனை ஒன்றின் ஊழியர்களிடம் இதைக் கவனித்த உளவியலாளர் ஹெர்பர்ட் ஃப்ராய்டன்பெர்கர், 1974ல் இது குறித்து எழுதினார். 2019ல் உலக சுகாதார நிறுவனம் இதற்கு மூன்று அடையாளங்களைக் குறிப்பிட்டது: சக்தி வற்றிப் போதல், வேலையின் மீது வெறுப்பும் விலகலும், செய்யும் வேலையில் திறன் குறைதல். இதை அது நோய் என்று வகைப்படுத்தவில்லை; சரியாகக் கையாளப்படாத வேலை நெருக்கடியின் விளைவு என்றே சொன்னது. ஆகவே, ஊழியரை மட்டும் குறை சொல்லிப் பயனில்லை. வேலை நடக்கும் முறையைச் சரிசெய்ய வேண்டும்.

கிளினிக் நடத்துவோர் செய்யக்கூடியவை அதிகச் செலவில்லாதவை. வேலை முடியும் நேரத்தை எழுதி வைத்து, அதன்படி அனுப்புங்கள். வார விடுமுறையைப் பறிக்காதீர்கள். மழைக்காலத்தில் காய்ச்சல் கூட்டம் பெருகும் என்பது தெரிந்ததுதான். அந்த மாதங்களுக்கு ஓர் ஆளைக் கூடுதலாக வையுங்கள். சாப்பாட்டுக்கும் தொழுகைக்கும் நேரம் ஒதுக்குங்கள். கடை ஊழியர்களுக்கு இருக்கை தர வேண்டும் என்று தமிழக அரசு 2021லேயே சட்டத் திருத்தம் கொண்டு வந்தது. மருந்துக் கடையில் நிற்பவருக்கும் கால் வலிக்கும். நோயாளியின் உறவினர் சத்தம் போட்டால், ஊழியரை முன்னே தள்ளாமல் பொறுப்பாளரே பேசட்டும்.

பணியாளர் மீது சக்திக்கு மீறிய சுமையை ஏற்றக் கூடாது, ஏற்ற நேர்ந்தால் தாமும் கைகொடுக்க வேண்டும் என்பது நபி (ஸல்) அவர்களின் போதனை. மருத்துவப் பணியில் இது நோயாளியின் உயிரோடும் தொடர்புடையது. பதினான்கு மணி நேரம் நின்ற கண்கள் மருந்தின் அளவைத் தவறாகப் படித்துவிடலாம்.

நோயாளியுடன் செல்லும் நமக்கும் பங்குண்டு. ஒருவருக்கு ஐந்து பேராகப் போய் நெருக்காமல், டோக்கன் வரிசையை மதித்து, ஊசி போட்ட கைக்கு ஒரு நன்றி சொல்லிவிட்டு வருவோம். நாளை நமக்கு உடம்பு முடியாதபோது வேண்டியதும் அதே கைதான்.