ரெஜோ கட்டினால் காப்புறுதி ஆகிவிடுமா?

சென்ற வருடம் ஓர் இளைஞர் கழுத்து நோவென்று என்னிடம் வந்தார். மெல்பேணுக்குப் படிக்க வந்து ஒரு வருடமே ஆனவர். நாலாயிரம் டொலருக்கு வாங்கிய பழைய காரில் போகையில், சிவப்பு விளக்கில் நின்ற விலையுயர்ந்த ஜேர்மன் காரின் பின்புறத்தில் மோதிவிட்டார். நான் கழுத்தைப் பார்த்து முடித்ததும் பையிலிருந்து ஒரு கடிதத்தை எடுத்து நீட்டினார். எதிர்த்தரப்பின் காப்புறுதிக் கம்பனி 17,000 டொலர் கேட்டிருந்தது. “டொக்டர், நான் ரெஜோ கட்டியிருக்கிறன்தானே, அதுக்குள்ளை இன்சூரன்சும் சேர்த்திதானே?” என்றார்.

அவர் சொன்னதில் பாதி உண்மை. அந்தப் பாதிதான் நம்மவர் பலரை ஏமாற்றுகிறது.

விக்டோரியா மாநிலத்தில் காரின் பதிவுக் கட்டணத்துடன், ரி.ஏ.சி. எனப்படும் போக்குவரத்து விபத்து ஆணைக்குழுவுக்குரிய பணமும் அறவிடப்படுகிறது. 1986ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி அமைந்த இவ்வாணைக்குழு, பிழை யாருடையதாயினும், காயப்பட்டவரின் அம்புலன்ஸ், ஆஸ்பத்திரி, பிசியோதெரப்பி முதலிய நியாயமான செலவுகளை ஏற்கிறது. பேரப்பிள்ளையைப் பார்க்க ஊரிலிருந்து வந்திருக்கும் அம்மாவை இங்கே வீதியில் கார் மோதினாலும் அவருக்கும் இது உண்டு. விண்ணப்பத்தை மட்டும் ஒரு வருடத்துக்குள் கொடுத்துவிட வேண்டும். சிட்னியில் ‘கிறீன் சிலிப்’ என்று தனியாக வாங்குவதும் ஏறக்குறைய இவ்வகையே.

ஆனால் ரி.ஏ.சி. உடம்புக்கு மட்டுந்தான். தகரத்துக்கு ஒரு சதமும் கொடாது. இளைஞரின் கழுத்துக்கு வைத்தியம் கிடைத்தது. ஜேர்மன் காருக்கு அவரே கடனாளி.

தகரத்துக்கென நாமாகத் தேடி எடுப்பவற்றுள் மிகக் குறைந்தது மூன்றாந்தரப்புச் சொத்துக் காப்புறுதி. நாம் இடித்த காரையோ மதிலையோ அது திருத்திக் கொடுக்கும். நம் காரைத் திருத்தாது. எனினும் காப்புறுதியற்ற ஒருவர் நம்மை இடித்தால், நம் காருக்கும் ஓரளவு கொடுக்கும் ஏற்பாடு இவற்றுட் பலவற்றில் உண்டு. பழைய காருக்கு இது போதும் என்பது என் கருத்து. என் மகனின் முதற் காருக்கு இதைத்தான் எடுத்தேன். தீ, களவு இரண்டையும் சேர்த்தது அடுத்தது. ‘கொம்ப்ரிஹென்சிவ்’ எனும் முழுக் காப்புறுதி, பிழை நம்முடையதாயினும் நம் காரையும் திருத்தும். கடனுக்கு வாங்கிய புதுக் காருக்கு இது இல்லாமல் வீதியில் இறங்கக் கூடாது. எடுக்கும்போது, கார் முற்றாக அழிந்தால் தருவது முன்பே பேசிய தொகையா, அன்றைய சந்தை விலையா என்று கேளுங்கள். ‘எக்செஸ்’ எனப்படும், நம் கையிலிருந்து முதலில் போகும் தொகையையும் கேளுங்கள். இளம் சாரதிக்கு அது மேலும் கூடும்.

இன்னொன்றைக் கசப்புடனேயே எழுதுகிறேன். மகன் தினமும் ஓட்டும் காரை, கட்டணம் குறையட்டும் என்று, அப்பா ஓட்டுவதாக எழுதிக் கொடுக்கும் வழக்கம் நம்மிடையே இருக்கிறது. படித்தவர்களும் செய்கிறார்கள். விபத்து நடந்தபின் கம்பனி விசாரித்து அறிந்தால், பணத்தைக் குறைக்கலாம், மறுக்கவும் கூடும். மாலையில் சாப்பாட்டுப் பொதிகள் கொண்டுபோய்க் கொடுக்கும் மாணவர்களும் அதைக் கம்பனிக்குச் சொல்லியே ஆகவேண்டும். சொந்தப் பாவனைக்கென எடுத்த காப்புறுதி அந்நேரத்தில் பெரும்பாலும் உதவாது.

அந்த இளைஞரை இலவச நிதி ஆலோசகர் ஒருவரிடம் அனுப்பினேன். திருத்த வேலையின் விபரக் கணக்கை எழுத்தில் கேட்டு வாங்கியதில் தொகை 15,000 ஆகக் குறைந்தது. மாதம் 250 டொலர் வீதம் தவணைக்கும் கம்பனி சம்மதித்தது. முடிய ஐந்து வருடம் செல்லும்.