ரெண்டரை நூலும் எட்டு எம்.எம்.மும்

பழைய அம்பாசடர் எஞ்சினில் ஒரு போல்ட் முறிந்துவிட்டால், கடைக்காரர் சட்டென்று எடுத்துக் கொடுப்பது பெரும்பாலும் 8 எம்.எம். போல்ட்தான். பழையதோடு சேர்த்துப் பிடித்துப் பார்த்தால் தடிமன் ஒன்றுபோலவே தெரியும். துளையில் வைத்துத் திருப்பினால் ஒன்றிரண்டு சுற்று ஏறும், பிறகு முரண்டு பிடிக்கும். புது மரை, கொஞ்சம் டைட்டாகத்தான் இருக்கும் என்று ஸ்பேனர் போட்டு அழுத்தினால் போல்ட் உள்ளே போய்விடும். கூடவே துளையின் மரையும் போய்விடும்.

கணக்குப் போட்டால் காரணம் தெரிந்துவிடும். அம்பாசடரின் 1489 சி.சி. எஞ்சின், பிரிட்டிஷ் மோட்டார் கார்ப்பரேஷன் வடிவமைத்தது. மரைகள் எல்லாம் அங்குலக் கணக்கு. பட்டறையில் 'ரெண்டரை நூல்' என்று கேட்டு வாங்கும் 5/16 அங்குல போல்ட்டின் விட்டம் 7.94 மி.மீ. எட்டுக்கும் அதற்கும் உள்ள வித்தியாசம் கண்ணுக்குப் பிடிபடாது. மரை இடைவெளி அப்படியல்ல. யூ.என்.எஃப் என்ற நுண்மரையில் ஓர் அங்குலத்துக்கு 24 மரை. அதாவது மரைக்கு மரை 1.058 மி.மீ. சாதாரண 8 எம்.எம். போல்ட்டில் அது 1.25 மி.மீ. மரைக்கு 0.19 மி.மீ. வீதம் விலகி, மூன்றாவது மரைக்குள் அரை மி.மீ.க்கு மேல் தள்ளிப்போகிறது. இதையாவது கை உணர்ந்துவிடும். 1 மி.மீ. இடைவெளியுள்ள நுண்மரை 8 எம்.எம். போல்ட்தான் உண்மையில் பயப்பட வேண்டியது. மரைக்கு 0.058 மி.மீ. மட்டுமே விலகுவதால், கணிசமான தூரம் சமர்த்தாக ஏறிவிட்டு அப்புறம்தான் சிக்கும்.

இத்தனை வகை மரை எப்படி வந்தது? 1841-ல் பிரிட்டனில் ஜோசப் விட்வொர்த் 55 டிகிரி கோண மரையை வகுத்தார். 1864-ல் ஃபிலடெல்ஃபியாவில் வில்லியம் செல்லர்ஸ் 60 டிகிரிதான் கடைவதற்கு எளிது என்றார். இரண்டாம் உலகப் போரில் ஒரு நாட்டு நட்டு இன்னொரு நாட்டு போல்ட்டில் ஏறாமல் பட்ட அவதிக்குப் பிறகே, 1948-ல் அமெரிக்காவும் பிரிட்டனும் கனடாவும் 60 டிகிரியில் 'யூனிஃபைட்' மரைக்கு ஒப்புக்கொண்டன. நுண்மரையான யூ.என்.எஃப், பருமரையான யூ.என்.சி இரண்டும் அந்தக் குடும்பம்.

தலையின் அளவை வைத்து மரையைத் தீர்மானிக்கவும் முடியாது. பிரிட்டிஷ் கார் நிறுவனமான மோரிஸ் 1923-ல் கோவென்ட்ரியில் ஹாட்ச்கிஸ் என்ற பிரெஞ்சு நிறுவனத்தின் எஞ்சின் ஆலையை வாங்கியது. அங்கிருந்த எந்திரங்கள் மெட்ரிக் மரை வெட்டுபவை. எனவே மரை மெட்ரிக்காகவே இருக்க, பிரிட்டிஷ் ஸ்பேனர் பிடிப்பதற்காகத் தலையை மட்டும் விட்வொர்த் அளவில் செய்தார்கள். 1940-களின் எம்.ஜி. டி.சி. கார் எஞ்சினிலும் இந்தக் கலப்பு தொடர்ந்தது. அம்பாசடரிலும் 1990-களில் ஜப்பானின் இசுசு 1.8 லிட்டர் எஞ்சின் வந்து சேர்ந்தது, அது மெட்ரிக். ஆகவே காரின் பெயரைச் சொல்லி போல்ட் கேட்பதில் பயனில்லை. மரை கேஜின் பற்களைப் பழைய போல்ட்டில் பதித்து வெளிச்சத்துக்கு எதிரே பிடியுங்கள். இடுக்கில் ஒளி கசியாத தகடுதான் உங்கள் அளவு.

மரை பொருந்திய பிறகு பலம். மெட்ரிக் போல்ட்டின் தலையில் 8.8 என்றிருந்தால், முதல் எண்ணை நூறால் பெருக்குங்கள்: 800 மெகாபாஸ்கலில் அது அறும். அதில் பத்தில் எட்டுப் பங்கு, அதாவது 640-ஐத் தாண்டினால் நிரந்தரமாக நீண்டுவிடும். அங்குல போல்ட்டில் எண்ணுக்குப் பதில் கோடுகள் இருக்கும். மூன்று கோடு ஏறத்தாழ 8.8-க்கு இணை, ஆறு கோடு 10.9-க்கு இணை. தலை மொட்டையாக இருக்கும் போல்ட்டை எஞ்சினில் போடவே கூடாது என்பது என் உறுதியான கருத்து. பளபளப்பைப் பார்த்து ஸ்டெயின்லெஸ் ஸ்டீலுக்குப் போகிறவர்களும் உண்டு. பரவலாகக் கிடைக்கும் ஏ2-70 வகையின் பலம் 700தான், 8.8-ஐவிடக் குறைவு.

பலம் எதற்கு? இறுக்கிய போல்ட் ஒரு விறைப்பான ஸ்பிரிங். 8 மி.மீ. விட்டமுள்ள 8.8 போல்ட்டை முறையாக இறுக்கினால் அதன் உள்ளே நிற்கும் இழுவிசை சுமார் 1.6 டன், ஒரு அம்பாசடரின் எடையைவிட அதிகம். பிடிமான நீளம் 40 மி.மீ. என்றால் போல்ட் கிட்டத்தட்ட 0.09 மி.மீ. நீண்டிருக்கும். இந்த நீட்சிதான் பாகங்களை நெருக்கிப் பிடிக்கிறது. கனெக்டிங் ராடு போல்ட்டை எடுத்துக்கொள்ளுங்கள். நிமிடத்துக்கு 4000 சுற்றில், பிஸ்டன் நொடிக்கு 67 முறை உச்சியில் நின்று திரும்புகிறது. போல்ட் போதிய அளவு இறுகியிருந்தால் அந்த இழுப்பில் சிறு பங்குதான் அதன்மேல் ஏறும். இறுக்கம் தளர்ந்தாலோ முழு அடியும் போல்ட்டுக்கு. உலோகம் களைத்து ஒருநாள் அறுந்துவிடும். இந்த போல்ட்டுக்கு மட்டும் எந்த மாற்றும் தேடாதீர்கள். அந்த எஞ்சினுக்கென்றே செய்ததை வாங்குங்கள்.

டார்க் ரெஞ்ச் காட்டுவது இந்த இழுவிசையை அல்ல. நாம் தரும் திருக்கத்தில் ஏறத்தாழ பத்தில் ஒன்பது பங்கை உராய்வே தின்றுவிடுகிறது. எண்ணெய் தடவினால் உராய்வு குறைந்து, அதே டார்க்கில் போல்ட் அதிகமாக நீளும். உலர்ந்த மரைக்கான அளவா, எண்ணெயிட்ட மரைக்கானதா என்று கையேட்டில் பார்த்த பிறகே ரெஞ்சைத் தொடுங்கள்.

கடைசியாக நீளம். இதில் தவறினால் எஞ்சின் பிளாக்குக்கே ஆபத்து. அம்பாசடர் உற்பத்தி 2014-லேயே நின்றுவிட்டது. பிளாக் உடைந்தால் புதிதாக ஒன்று வராது. அடி மூடிய துளையில் எண்ணெயோ தண்ணீரோ தேங்கியிருக்க, அதன்மேல் போல்ட்டை இறுக்கினால், அடைபட்ட திரவத்தின் அழுத்தம் வார்ப்பிரும்பையே பிளந்துவிடும். முதலில் துளையைத் துடைத்துக் காற்றடித்து உலர்த்துங்கள். ஒரு கம்பியை விட்டு ஆழத்தை அளந்து, மேலே உட்காரும் பாகம், கேஸ்கெட், வாஷர் ஆகியவற்றின் தடிமனை அதோடு கூட்டுங்கள். போல்ட் அந்தக் கூட்டுத்தொகையைவிட இரண்டு மூன்று மி.மீ. குட்டையாக இருக்க வேண்டும்.