எல்லைச் சிற்றூர் அரண்களும் அவை விட்டுச்சென்ற சொற்களும்

அரண் என்றதும் மன்னர் எழுப்பிய மதிலும் அகழியுமே நம் நினைவுக்கு வருகின்றன. உழவரும் கால்நடை வளர்ப்போரும் தம் இல்லத்தையே அரணாக்கிக்கொண்ட வரலாறும் உண்டு. 16ஆம் நூற்றாண்டில் இங்கிலாந்துக்கும் ஸ்காட்லாந்துக்கும் இடைப்பட்ட எல்லைப்புறம் அதற்குத் தக்க சான்றாகும்.

இருநாட்டுப் படைகளும் மாறி மாறிக் கடந்து சென்ற நிலம் அது. போர் ஓய்ந்த காலத்திலும் அங்கு அமைதி நிலவவில்லை. குதிரையேறி வந்து ஆநிரை கவர்ந்த 'ரீவர்' என்போர் எல்லையின் இருபுறமும் வாழ்ந்தனர். இரு அரசுகளும் தத்தம் எல்லைப்பகுதியை மும்மூன்றாகப் பிரித்துக் காவல் தலைவர்களை அமர்த்தின. ஆயினும் இரவில் வரும் கொள்ளையை அவர்களால் முற்றிலும் தடுக்க இயலவில்லை. ஆதலின் காக்கும் பொறுப்பு குடிகள்மீதே விழுந்தது. 1535இல் ஸ்காட்லாந்து நாடாளுமன்றம், 100 பவுண்டு மதிப்புள்ள நிலமுடையோர் கல்லும் சுண்ணமும் கொண்டு 60 அடிச் சதுர மதிலடைப்பு எழுப்ப வேண்டும் எனச் சட்டம் இயற்றியது. இடர்க்காலத்தில் குடிகளும் அவர்தம் உடைமைகளும் அடைக்கலம் புகுவதற்கான இவ்வடைப்பு, 'பார்ம்கின்' எனப்பட்டது.

ஆங்கிலேயப் பகுதியில் வசதியுள்ள உழவர் 'பாஸ்டல்' என்னும் ஈரடுக்குக் கல்வீடுகளைக் கட்டினர். சுவரின் கனம் ஏறத்தாழ ஒரு மீட்டர். கீழ்த்தளம் கால்நடைக்கு, மேல்தளம் மக்களுக்கு. ஏணியை மேலே இழுத்துக்கொண்டால் ஏறிவர வழியில்லை. பீரங்கிப் படையை எதிர்க்க இவ்வீடு போதாது. அது அதன் நோக்கமும் அன்று. விரைந்து வந்து விரைந்து மீளும் கொள்ளையரைச் சில நாழிகை தடுத்தால் போதும். அதற்குள் அயலார் திரண்டுவிடுவர்.

கல்லில் உள்ள இவ்வரலாறு சொல்லிலும் உள்ளது. காவற்கோபுரத்தைக் குறிக்கும் 'பீல்', மரக்கழியைக் குறிக்கும் இலத்தீன் சொல்வழி வந்தது. கல்லுக்கு முன் கழிவேலியே அரணாக இருந்தமையை அது காட்டுகிறது. 'பிளாக்மெயில்' என்பதில் வரும் 'மெயில்' அஞ்சலன்று. வாடகை அல்லது வரி எனப் பொருள்படும் ஸ்காட்லாந்துச் சொல். கொள்ளையடிக்காதிருக்கக் கொள்ளையருக்கே குடிகள் செலுத்திய கப்பம், 'கரிய வரி' ஆயிற்று. மிரட்டிப் பணம் பறித்தல் என்னும் பொதுப்பொருள் பின்னர் வந்தது.

1603இல் ஸ்காட்லாந்து மன்னர் ஆறாம் ஜேம்ஸ் இங்கிலாந்தின் அரியணையும் ஏறினார். இரு முடியும் ஒருவர்க்கானபின்னும் சில பத்தாண்டுகள் பாஸ்டல் வீடுகள் கட்டப்பட்டன. அரசியல் மாறினும் அச்சம் உடனே அகல்வதில்லை. இன்று அவற்றுட் பல கொட்டில்களாகவும் இடிபாடுகளாகவும் நிற்கின்றன. சொல்லோ உலகெங்கும் வழங்குகிறது. மாணவர்க்குச் சொற்பொருள் உரைக்கும்போது, அச்சொல்லைப் பிறப்பித்த மக்களின் துயரையும் நாம் சேர்த்து உரைத்தல் வேண்டும்.