பெரிய சுவர்... சின்னக் கட்டம்!

குட்டீஸ்... 20 அடி நீளம், 10 அடி உயரமுள்ள வெறும் சுவரைக் காட்டி, 'இதில் படம் வரை' என்றால் மலைத்துப் போவீர்கள் தானே? கிட்டே நின்றால் முழுப் படமும் கண்ணில் படாது. மூக்கு ஓரிடம், காது ஓரிடம் ஆகிவிடும்!

சினிமா பேனர் ஓவியர்களின் எளிய வழி, கட்டம் போடுவது. தாளில் 20 செ.மீ., நீளம், 10 செ.மீ., உயரத்தில் படம் வரைந்து, 1 செ.மீ., கட்டங்களாகப் பிரியுங்கள். மொத்தம் 200 கட்டங்கள். சுவரில் சாக்பீசால் 1 அடிக் கட்டங்கள் போட்டு, ஒவ்வொன்றாகப் பார்த்து வரையுங்கள். உஷார்! தாளில் 1 மி.மீ., பிசகினால், சுவரில் 3 செ.மீ., பிசகும்!

டிஜிட்டல் பேனர் வந்ததும் அந்த ஓவியர்கள் பலர் வேலை இழந்தனர். 2009ல், போஸ்டர்களால் அலங்கோலமாகக் கிடந்த அண்ணா சாலைச் சுவர்களில் சென்னை மாநகராட்சி ஓவியங்கள் வரையச் செய்தது. பேனர் தூரிகைகளுக்கு மீண்டும் வேலை கிடைத்தது.

சின்னாளப்பட்டி குட்டீசுக்கு எதை வரைவது என்ற கவலையே இல்லை. சுங்குடிப் புள்ளிகள் இருக்கின்றனவே! துணியை நூலால் முடிந்து சாயத்தில் முக்கினால், முடிச்சுக்குள் சாயம் ஏறாது. அதுதான் புள்ளி.

சுவர்க்காரரிடம் அனுமதி வாங்குங்கள். பாசியைச் சுரண்டி, நன்றாகக் காயவிடுங்கள். ஈரச் சுவரில் பெயின்ட் உரிந்துவிடும். உயரமான இடத்தைப் பெரியவர்களிடம் விட்டுவிடுங்கள். ஐப்பசி மழைக்கு முன் முடித்துவிடுங்கள்!