வலிமையான நாய்க்கு ‘ஸ்பிரிங் கயிறு’ பயிற்சி: கால்கள் தரையில் இருக்கும்வரைதான் பாதுகாப்பு

புதுதில்லி: ராட்வீலர், பிட்புல், பாக்சர், டாபர்மேன் போன்ற வலிமைமிக்க நாய்களை நகரக் குடியிருப்புகளில் வளர்ப்போருக்குப் பெரும் சிக்கலாக இருப்பது உணவோ மருத்துவச் செலவோ அல்ல. அவற்றின் உடல் ஆற்றலை எங்கே, எப்படிச் செலவிடச் செய்வது என்பதுதான். காலையும் மாலையும் கால் மணி நேரம் தெருவில் நடப்பது, 40 கிலோ எடையுள்ள ஓர் இளம் ராட்வீலருக்கு எந்த வகையிலும் போதாது. அவிழ்த்துவிட்டு ஓடச் செய்வதற்கு வேலியிட்ட திடல் பெரும்பாலோருக்கு வாய்ப்பதில்லை. விளைவாக, நாய் மொட்டை மாடியிலோ வாயிற்கதவு அருகிலோ நாள் முழுவதும் சங்கிலியில் கிடக்கிறது.

இவ்வாறு கட்டிப்போட்டே வைத்திருப்பது சட்டப்படியும் குற்றமாகும் என்பது பலருக்குத் தெரிவதில்லை. 1960ஆம் ஆண்டின் விலங்குகள் வதைத் தடுப்புச் சட்டத்தின் 11ஆவது பிரிவு, வழக்கமாகச் சங்கிலியிலோ குறுகிய இடத்திலோ வைக்கப்படும் நாய்க்குப் போதிய உடற்பயிற்சி அளிக்கத் தவறும் உரிமையாளரையும் வதை புரிந்தவராகவே கருதுகிறது. மறுபுறம், நாயைக் கட்டுப்பாட்டில் வைக்கத் தவறி அதனால் மனித உயிருக்கு ஆபத்தோ கொடுங்காயமோ நேரக்கூடிய நிலையை உருவாக்கினால், பாரதிய நியாய சன்ஹிதாவின் 291ஆவது பிரிவின்கீழ் 6 மாதம் வரை சிறைத் தண்டனையோ 5,000 ரூபாய் வரை அபராதமோ, அல்லது இரண்டுமோ விதிக்கப்படலாம். உரிமையாளருக்கு இரு கடமைகளும் ஒருசேர உண்டு.

அந்த இரண்டுக்கும் இடையில் ஓரளவு உதவக்கூடிய எளிய சாதனமே ‘ஸ்பிரிங் கயிறு’. மரக்கிளை அல்லது உத்தரத்திலிருந்து ஒரு கயிறு. அதன் நடுவே வலுவான ஸ்பிரிங். கீழ் முனையில் நாய் கவ்வி இழுப்பதற்கான தடித்த கயிற்று முடிச்சோ தோல் துண்டோ. இவ்வளவுதான் அதன் அமைப்பு. நாய் இழுக்கும்போது ஸ்பிரிங் நீண்டு கொடுக்கிறது, தளர்த்தும்போது திரும்ப இழுக்கிறது. எதிர்முனையில் ஒருவர் பிடித்து இழுப்பது போன்ற உணர்வு நாய்க்கு ஏற்படுவதால் அது சலிக்காமல் விளையாடுகிறது. பின்னங்கால், தோள், கழுத்து, தாடைத் தசைகள் அனைத்தும் ஒரே நேரத்தில் உழைப்பதால், சில நிமிடங்களிலேயே நாய் களைத்துவிடும்.

ஸ்பிரிங் இல்லாத வெறும் கயிறாக இருந்தால், ஒவ்வோர் இழுப்பின் அதிர்ச்சியும் நேராகப் பற்களுக்கும் கழுத்து எலும்புகளுக்கும் சென்று சேரும். அந்த அதிர்ச்சியை வாங்கிக்கொள்வதே ஸ்பிரிங்கின் வேலை.

எவ்வளவு உயரம்?

இச்சாதனத்தில் நேரும் காயங்களுக்கு முக்கியக் காரணம் உயரம். பிட்புல் நாய்கள் கயிற்றைக் கவ்வியபடி அந்தரத்தில் நிமிடக்கணக்கில் தொங்கும் காணொளிகள் இணையத்தில் ஏராளமாக உலவுகின்றன. பார்ப்பவருக்கு அது வீரமாகத் தோன்றலாம், பயிற்சி அன்று. தொங்கும் நாயின் முழு எடையும் பற்களிலும் தாடை மூட்டிலும் கழுத்து முள்ளெலும்பிலும் இறங்குகிறது. அது உடலை முறுக்கிக்கொண்டு கீழே விழும்போது பின்னங்கால் மூட்டின் தசைநார் அறுபடக்கூடும். முதுகெலும்புத் தட்டுகள் பாதிக்கப்படக்கூடும். நாய் இயல்பாக நிற்கும்போது அதன் தலை மட்டத்தில் கவ்வும் பகுதி இருக்க வேண்டும். கவ்விப் பின்னோக்கி இழுக்கையில் நான்கு கால்களும் தரையில் ஊன்றியிருக்க வேண்டும். எகிறிக் குதித்துத்தான் பிடிக்க முடியும் என்றால் கயிறு மிக உயரத்தில் இருக்கிறது என்று பொருள்.

தரையும் கவனிக்கத்தக்கது. மண்ணும் புல்லும் ஏற்றவை. வழுவழுப்பான டைல்ஸ் தளத்தில் கால் சறுக்கும். சிமெண்ட் தளத்தில் பாதங்கள் தேய்ந்து புண்ணாகும்.

தொட்டில் ஸ்பிரிங் கூடாது

ஸ்பிரிங்கை எங்கே வாங்குவது என்ற கேள்வி எழும்போது, வீட்டில் கிடக்கும் குழந்தைத் தொட்டில் ஸ்பிரிங்கே பலரின் நினைவுக்கு வரும். அது குழந்தையின் எடைக்கும் மெல்லிய அசைவுக்கும் செய்யப்பட்டது. வலிய நாய் வெட்டி வெட்டி இழுக்கும்போது ஏற்படும் விசை, அதே எடை அசையாமல் தொங்கும்போது ஏற்படுவதைவிட மிக அதிகம். பெரியவர்கள் அமரும் ஊஞ்சல் நாற்காலிக்கான தடித்த ஸ்பிரிங்குகளில், இழுக்கும்போது சுருள் நீளாமல் உள்ளுக்குள் அழுந்தும் வகை ஒன்று உண்டு. இரு கம்பி வளையங்கள் சுருளினூடே எதிரெதிராகக் கோக்கப்பட்டிருப்பதால், சுருள் உடைந்தாலும் வளையங்கள் ஒன்றையொன்று விடுவதில்லை. வாய்ப்பிருந்தால் இவ்வகையே சிறந்தது. நீளும் வகை ஸ்பிரிங் என்றால், அது முழுதாக நீளும் அளவைவிடச் சற்றே நீளமான சங்கிலி ஒன்றை அதன் இரு முனைகளிலும் இணைத்து வைப்பது கட்டாயம். ஸ்பிரிங் அறுந்தால் அந்த இரும்பு நாயின் முகத்தில் அறையாமல் காப்பது அச்சங்கிலி மட்டுமே. ஸ்பிரிங் எப்போதும் நாயின் வாய்க்கு எட்டாத உயரத்தில் இருக்க வேண்டும். இல்லையெனில் சுருளிடையே நாக்கோ உதடோ சிக்கும்.

கயிறு முறுக்கிக்கொள்ளாமல் இருக்க, நடுவே சுழலும் வளையம் ஒன்றைச் சேர்க்கலாம். திறந்த கொக்கிகளைத் தவிர்க்க வேண்டும். மின்விசிறிக்கான கூரைக் கொக்கியிலோ மாடிக் கைப்பிடிக் கம்பியிலோ கட்டுவது ஆபத்தானது. வேம்பு, மா போன்றவற்றின் பருத்த பச்சைக் கிளை போதுமானது. முருங்கைக் கிளையை நம்ப முடியாது. கவ்வும் பகுதிக்குத் தடித்த பருத்திக் கயிறு நல்லது. மெல்லிய நைலான் கயிறு ஈறுகளை அறுக்கும். பழைய டயர்த் துண்டுகளின் உள்ளே எஃகுக் கம்பிகள் இருப்பதால் அவற்றையும் பயன்படுத்தக் கூடாது.

வெயில்தான் பெரும் பகை

நாய்க்கு மனிதரைப் போல உடலெங்கும் வியர்ப்பதில்லை. நாக்கை நீட்டி மூச்சிரைப்பதன் மூலமே அது உடல் வெப்பத்தைத் தணித்துக்கொள்கிறது. ஸ்பிரிங் கயிற்றைக் கவ்வியிருக்கும் நாயால் அதைச் சரிவரச் செய்ய முடியாது. கடுமையாக உழைக்கும் அதே வேளையில், வெப்பம் வெளியேறும் வழி பாதி அடைபட்டிருக்கிறது. வட இந்தியக் கோடையில் வெப்பநிலை 45 டிகிரியை எட்டும் நாட்களில் இதன் பொருள் என்னவென்று எண்ணிப் பார்க்கலாம். கோடையில் சூரியன் ஏறுவதற்கு முன் பயிற்சியை முடித்துவிடுவது நல்லது. மிக வெப்பமான நாட்களில் கைவிடுவதே நல்லது. புல்டாக், பாக்சர் போன்ற குறுமுக இனங்களுக்கு இந்த எச்சரிக்கை இரு மடங்கு பொருந்தும்.

தொடக்கத்தில் 2 அல்லது 3 நிமிடங்கள், பிறகு ஓய்வு, தண்ணீர் எனச் செல்வது முறை. ஈறுகள் அடர்சிவப்பாக மாறுதல், கெட்டியான எச்சில் ஒழுகுதல், தள்ளாட்டம் ஆகியவை வெப்பத் தாக்கத்தின் அறிகுறிகள். நாயின் இயல்பான உடல் வெப்பம் சுமார் 38 முதல் 39 டிகிரி செல்சியஸ். அது 41ஐத் தாண்டினால் உயிருக்கு ஆபத்து. உடனே நிழலுக்குக் கொண்டுசென்று, உடலில் தண்ணீர் ஊற்றிக் காற்று வீசச் செய்தபடி மருத்துவரிடம் விரைய வேண்டும். வயிறு நிறைய உண்ட பின் பயிற்சி அளிப்பதும் தவறு. ஆழ்ந்த மார்புடைய பெரிய இனங்களில் இரைப்பை உப்பி முறுக்கிக்கொள்ளும் உயிர்க்கொல்லி நிலை ஏற்படக்கூடும்.

வளரும் குட்டிகளுக்கு இப்பயிற்சி ஆகாது. 4 முதல் 6 மாதங்களுக்குள் பால் பற்கள் விழுந்து முளைக்கின்றன. பெரிய இனங்களில் எலும்பு முனைகள் இறுகுவதற்கு ஒன்றரை ஆண்டு வரை ஆகலாம்.

மூர்க்கம் கூடுமா?

இழுத்து விளையாடினால் நாய் மூர்க்கமாகிவிடும் என்பது பரவலான அச்சம். பிரிட்டனில் 14 கோல்டன் ரெட்ரீவர் நாய்களைக் கொண்டு நடத்தப்பட்டு 2002இல் வெளியான ஆய்வு ஒன்று, மனிதருடனான இழுப்பு விளையாட்டில் வென்றாலும் தோற்றாலும் அந்நாய்கள் ஆதிக்கம் செலுத்த முற்படவில்லை எனக் கண்டது. சாதுவான ஓரினத்தில் கண்ட முடிவை எல்லா இனங்களுக்கும் அப்படியே பொருத்துவது சரியன்று. எனினும் அச்சத்திற்கு அடிப்படை குறைவு என்பதை அது காட்டுகிறது. பிட்புல்லின் தாடை ‘பூட்டிக்கொள்ளும்’ என்ற நம்பிக்கைக்கும் உடற்கூற்றில் ஆதாரம் இல்லை. அது விடாப்பிடியாகக் கவ்வுகிறது, அவ்வளவே.

ஆனால் இச்சாதனத்தின் பெயர் கெட்டிருப்பதற்குக் காரணம் உண்டு. சட்டவிரோத நாய்ச் சண்டைகளுக்கு நாய்களைத் தயார்செய்வோரும் இதையே பயன்படுத்தி வந்துள்ளனர். விலங்குகளைச் சண்டைக்குத் தூண்டுவதும் மேற்குறிப்பிட்ட 1960ஆம் ஆண்டுச் சட்டப்படி குற்றமே. விளையாட்டையும் வெறியூட்டுதலையும் பிரிப்பது ‘விடு’ என்ற ஒரு சொல். அச்சொல்லைக் கேட்டவுடன் வாயை விடுவதற்குப் பழகிய பின்னரே நாயை ஸ்பிரிங் கயிற்றின் அருகே விட வேண்டும். பொம்மையை யாரும் நெருங்கினால் உறுமும் நாய், ஏற்கெனவே ஒருவரைக் கடித்த நாய் ஆகியவற்றுக்கு முதலில் தேவை தேர்ந்த பயிற்சியாளரே. இரு நாய்களை ஒரே கயிற்றில் விடக் கூடாது.

இனங்கள் மீதான சர்ச்சை இன்னும் ஓய்ந்தபாடில்லை. 2022 ஜூலையில் லக்னோவில் மூதாட்டி ஒருவர் வீட்டு பிட்புல் நாய் தாக்கியதில் உயிரிழந்ததைத் தொடர்ந்து, காஜியாபாத் மாநகராட்சி அவ்வாண்டே பிட்புல், ராட்வீலர், டோகோ அர்ஜென்டினோ இனங்களை வளர்க்கத் தடை விதித்தது. 23 இன நாய்களின் விற்பனைக்கும் இனப்பெருக்கத்திற்கும் தடை கோரி மத்திய அரசு 2024 மார்ச்சில் மாநிலங்களுக்கு அனுப்பிய சுற்றறிக்கையை, உரிய ஆலோசனை இன்றி வெளியிடப்பட்டது எனக் கூறி கர்நாடக உயர் நீதிமன்றம் அடுத்த மாதமே ரத்து செய்தது. தடை வருகிறதோ இல்லையோ, ஏற்கெனவே வீடுகளில் உள்ள நாய்களுக்கு அன்றாட உழைப்பு தேவைப்படுகிறது.

ஸ்பிரிங் கயிறு நடைப்பயிற்சிக்கு மாற்றாகாது. தெரு, வாகனம், அந்நியர் ஆகியவற்றோடு நாயைப் பழக்குவது நடை மட்டுமே. பயிற்சி முடிந்ததும் கயிற்றைக் கழற்றி உள்ளே எடுத்து வைப்பது அவசியம். தொங்கவிட்ட கயிற்றில் தனித்திருக்கும் நாயின் கழுத்துப் பட்டை சிக்கலாம், குழந்தைகள் ஏறி ஆடலாம். மீண்டும் கட்டும்போது கயிற்றின் இழைகளையும் ஸ்பிரிங்கின் துருவையும் கிளையின் வெடிப்பையும் பார்த்துவிட்டு, முதலில் உரிமையாளரே தம் முழு எடையையும் கொடுத்துத் தொங்கிப் பார்ப்பது நல்லது.