பத்து நோட்டு செய்த கலாட்டா

1950-களில் அமெரிக்காவின் கென்டக்கி மாநிலத்தில் இருந்த ஜெனரல் எலக்ட்ரிக் தொழிற்சாலைகளில் ஒரு விசித்திரம் நடந்து வந்தது. வீட்டுச் சாதனங்கள் செய்யும் தொழிற்சாலைகள் அவை. ஒரு சமயம் மூன்று, நான்கு ஷிப்டு வேலை நடக்கும். சில ஆண்டுகளில் பாதித் தொழிலாளரை வீட்டுக்கு அனுப்ப நேரும். 'சந்தை நிலவரம்' என்றார்கள். எம்.ஐ.டி.யைச் சேர்ந்த ஜே ஃபாரஸ்டர் என்ற மின் பொறியாளருக்கு அந்த விளக்கம் போதவில்லை. காகிதமும் பென்சிலும் எடுத்துக்கொண்டு, வாரம் வாரமாகக் கணக்குப் போட்டுப் பார்த்தார். அதைப் போன்ற சிறிய கணக்கு ஒன்றை நாமும் போடுவோமா?

ஒரு கடையில் வாரம் 100 நோட்டுப் புத்தகங்கள் விற்பதாகக் கொள்ளுங்கள். வாரக் கடைசியில், அந்த வாரம் விற்றதைப் போல் இரு மடங்கு கையிருப்பு இருக்குமாறு கடைக்காரர் சரக்கு வாங்கி வைப்பார். மொத்த வியாபாரிக்கும், நோட்டுத் தயாரிக்கும் ஆலைக்கும் இதே பழக்கம். ஆகவே மூவரிடமும் 200 நோட்டுகள் உள்ளன. கேட்ட சரக்கு உடனே வந்துவிடும்.

ஒரு வாரம் 110 விற்கிறது. கடையில் மீதி 90, வேண்டியது 220. எனவே 130 கேட்கிறார். அதை அனுப்பிய மொத்த வியாபாரியிடம் மீதி 70, வேண்டியது 260. அவர் 190 கேட்கிறார். ஆலையில் மீதி 10 தான், வேண்டியதோ 380. ஆலை 370 நோட்டுகள் செய்கிறது!

அடுத்த வாரமும் அதே 110 விற்கிறது. கடைக்காரர் 110 கேட்கிறார். மொத்த வியாபாரி 70 தான் கேட்கிறார். ஆலையில் 310 மீதி, வேண்டியது 140. இயந்திரத்தை நிறுத்த வேண்டியதுதான். (நான் சொல்வதை நம்பிவிடாமல் நீங்களே போட்டுப் பாருங்கள்.) மூவரில் எவரும் தவறு செய்யவில்லை. ஆனால் வேலை இல்லாமல் நிற்பவர் ஆலைத் தொழிலாளி.

சாட்டையின் பிடியைச் சற்று அசைத்தால் நுனி பலமாக வீசுகிறதல்லவா? எனவே இதற்குச் 'சாட்டை விளைவு' என்று பெயர். குழந்தைகளின் அணையாடை செய்யும் பிராக்டர் அண்டு கேம்பிள் நிறுவனமும் இதைக் கண்டது. குழந்தைகள் என்னவோ ஒரே சீராகத்தான் நனைக்கின்றன. வியாபாரிகளின் ஆர்டர்கள்தாம் தாறுமாறாக ஏறி இறங்கின.

இந்தப் பெருக்கத்தை அளக்க முடியும். ஆர்டர்களின் விலக்க வர்க்கச் சராசரியை விற்பனையின் விலக்க வர்க்கச் சராசரியால் வகுக்க வேண்டும். விடை 1 என்றால் பெருக்கம் இல்லை. 1-ஐ மிஞ்ச மிஞ்ச ஆட்டம் அதிகம். ஒரு நிறுவனம் தன் கிளைகளுக்கெல்லாம் இந்த எண்ணைக் கணக்கிட்டால், எண் குறைவாக உள்ள கிளை மற்றவற்றுக்கு அளவுகோல் ஆகிறது. ஆனால் ஐஸ்கிரீம் விற்கும் கிளையை உப்பு விற்கும் கிளையோடு ஒப்பிடுவது நியாயமாகாது.

ஆட்டத்தைக் குறைக்க என்ன வழி? இன்று கடையில் கணிப்பொறி பில் போடுகிறது. அந்த விற்பனைக் கணக்கு அன்றே ஆலைக்கும் எட்ட முடியும். மூவரும் கடையில் உண்மையில் விற்ற 110-ஐ மட்டும் பார்த்து, 220 இருப்பு வைத்தால் போதும் என்று கொள்ளுங்கள். மொத்த வியாபாரி 150 கேட்பார். ஆலை 170 செய்யும். அடுத்த வாரம் மூன்று இடத்திலும் 110. இயந்திரம் நிற்கவில்லை.

சரக்கு வந்து சேர ஒரு வாரம் ஆகும் என்று வைத்து, இதே கணக்கை மறுபடி போட்டுப் பாருங்கள்.