தளத்தைத் தாங்கும் முட்டுகள்: எப்போது பிரிக்கலாம்?

ஆயிரம் சதுர அடி வீட்டுக்கு ஐந்து அங்குல கனத்தில் மேல்தளம் போட்டால், ஒரே பகலில் மேலே ஏறும் கான்கிரீட்டின் எடை ஏறத்தாழ 30 டன். அன்றைக்கு அதற்குத் தன்னைத் தாங்கிக்கொள்ளும் வலு துளியும் கிடையாது. கலவை இறுகும்வரை உள்ளே கட்டிய கம்பியும் உதவாது. மொத்தச் சுமையும் கீழே நிற்கும் சென்ட்ரிங் மேல்தான். ஆனாலும் வீடு கட்டுகிறவர்கள் சிமென்ட்டையும் கம்பியையும் விசாரிக்கும் அளவுக்குச் சென்ட்ரிங்கை விசாரிப்பதில்லை. பிரித்து எடுத்துக்கொண்டு போகப்போகிற சாமான்தானே என்ற எண்ணம்.

முட்டு எப்படி ஒடிகிறது?

சென்ட்ரிங்கில் மேலே இருப்பது இரும்புத் தகடு அல்லது பிளைவுட். அதன் கீழே குறுக்குச் சட்டங்கள். எல்லாவற்றையும் தாங்குவது சவுக்குக் கம்பு அல்லது இரும்பு ஜாக்கி.

முட்டு பெரும்பாலும் நசுங்கி உடைவதில்லை. பக்கவாட்டில் வளைந்துதான் ஒடிகிறது. உயரம் கூடினால் வளைவது சுலபம். பத்தடி முட்டை நடுவில் இரு திசையிலும் குறுக்குக் கம்பு கொடுத்துக் கட்டினால், வளையக்கூடிய நீளம் பாதியாகும். வளையாமல் தாங்கும் திறனோ ஏறக்குறைய நான்கு மடங்காகும். குறுக்குக் கட்டு இல்லாத முட்டு வரிசை எவ்வளவு நெருக்கமாக நின்றாலும் ஆபத்துதான்.

கோணலான சவுக்கு, துண்டு சேர்த்துக் கட்டிய கம்பு, உயரம் போதாமல் செங்கல்லை அடுக்கி அதன் மேல் நிறுத்திய முட்டு ஆகிய மூன்றையும் கண்டால் மாற்றச் சொல்ல வேண்டும். மண் நிரப்பிய தரையில் முட்டை நேராக நிறுத்தக் கூடாது. அடியில் பலகை வேண்டும். முதல் நாள் மழை பெய்திருந்தால் எல்லா முட்டுகளையும் மறுபடி தட்டிப் பார்த்து இறுக்க வேண்டும்.

கான்கிரீட் போடும் நாள்

ஐந்து அங்குலத் தளத்தில் ஒரு சதுர மீட்டர் சுமார் 315 கிலோ. அதே இடத்தில் கலவையை ஒரு அடி உயரத்துக்குக் குவித்தால் 750 கிலோவைத் தாண்டும். ஆகவே கொட்டக் கொட்டப் பரப்பிவிட வேண்டும். வேலை முடியும்வரை சென்ட்ரிங் ஆள் ஒருவர் முட்டுகளைக் கவனித்துக்கொண்டிருக்க வேண்டும். வேறு யாரும் அடியில் நிற்கக் கூடாது. தகடுகளின் இடுக்கில் சிமென்ட் பால் ஒழுகினால் அந்த இடத்தில் கான்கிரீட் பொக்கையாகிவிடும். இடுக்குகளை முன்னதாகவே டேப் ஒட்டி அடைப்பது நல்லது.

எத்தனை நாள்?

ஜாக்கியும் தகடும் பெரும்பாலும் வாடகைச் சாமான். அடுத்த வேலைக்கும் அவை வேண்டும். அவசரம் இங்கேதான் தொடங்குகிறது.

இந்தியத் தரக் குறியீடான ஐ.எஸ். 456, சாதாரண போர்ட்லேண்ட் சிமென்ட்டுக்குச் சொல்லும் கணக்கு இது: தாங்கும் சுவர்களுக்கிடையே 4.5 மீட்டர் (சுமார் 15 அடி) வரை இடைவெளி உள்ள தளத்துக்கு முட்டு 7 நாள் நிற்க வேண்டும்; அதற்கு மேல் என்றால் 14 நாள். பீமுக்கு 6 மீட்டர் வரை 14 நாள், அதைத் தாண்டினால் 21 நாள். முட்டுகளை உடனே திரும்ப நிறுத்துவதாக இருந்தால் மட்டும் தளத்தின் தகட்டை 3 நாளில் எடுக்கலாம். இவை குறைந்தபட்ச நாட்கள். இன்று பல வீடுகளுக்கு வாங்கும் பி.பி.சி. (போர்ட்லேண்ட் பொசோலானா) சிமென்ட் மெதுவாக வலுப்பெறுவது. அதற்குக் கூடுதல் நாள் விட வேண்டும்.

பிரிக்கும் வரிசையும் முக்கியம். தளத்தில் நடுவிலிருந்து சுவரை நோக்கி எடுக்க வேண்டும். பால்கனி, சன்ஷேடு போன்றவற்றில் வெளி முனையில் தொடங்கிச் சுவரை நோக்கி வர வேண்டும்.

மாடிக்கு மேல் மாடி

அடுத்த மாடித் தளம் போடும்போது அந்த எடை முட்டுகள் வழியே கீழ்த்தளத்துக்கு இறங்குகிறது. குடியிருப்பு அறைத் தளத்தில் ஆட்களும் சாமான்களும் சேர்ந்து சதுர மீட்டருக்குச் சுமார் 200 கிலோ என்றுதான் வடிவமைப்பில் கணக்கிடுகிறார்கள். ஈரத்தளமோ 315 கிலோ. அதனால்தான் கீழ்மாடியிலும் முட்டுகள் நிற்க வேண்டும்.

அமெரிக்காவின் வர்ஜீனியா மாநிலத்தில் பெய்லிஸ் கிராஸ்ரோட்ஸ் என்ற இடத்தில் 1973 மார்ச் 2 அன்று கட்டுமானத்தில் இருந்த அடுக்குமாடிக் கட்டடம் சரிந்து 14 தொழிலாளர்கள் இறந்தனர். 23ஆவது தளம் போதிய வலுப்பெறும் முன்பே அதன் முட்டுகளை எடுத்ததுதான் காரணம் என்று விசாரணையில் தெரிந்தது.

வீடு கட்டுகிறவர்கள் ஒன்று செய்யலாம். கான்கிரீட் போடுவதற்கு முன்பே பொறியாளரிடம் கேட்டு, முட்டு பிரிக்கும் தேதியை ஒப்பந்தத்தில் எழுதிவிடுங்கள். அந்தத் தேதி வரைக்குமான வாடகையையும் சேர்த்தே கூலி பேசுங்கள். சில நாள் வாடகையை மிச்சம் பிடிக்கப் போய் ஆயுளுக்கும் விரிசல் விட்ட தளத்தின் கீழ் குடியிருக்க வேண்டாம்.